எட்டாவது காரணம்

கேள்வி: எங்கள் பிள்ளைக்கு இரண்டு வயது. பிறவியிலேயே காது கேளாது. 'போன பிறப்புப் பாவம்' என்கிறார் மாமியார். மேல்மாடிச் சிங்கள அம்மாவும் 'கருமய' (கர்மவினை) என்கிறார். பன்சலைக்கு (பௌத்த விகாரைக்கு) தானம் கொடுத்துத் தண்ணீர் ஊற்றினால் குறையுமாம். எல்லா மதமும் ஒன்றைத்தானே சொல்கின்றன?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: இல்லை. சொல் ஒன்று, சரக்கு வேறு.

மேல்மாடியிலிருந்தே தொடங்குவோம். சம்யுத்த நிகாயம் என்ற பௌத்த நூலில் மோளிய சீவகர் என்பவர் புத்தரிடம் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்: இன்பதுன்பம் எல்லாமே முன்வினைப் பயனா? பித்தம், சிலேத்துமம், வாதம், இம்மூன்றின் கூட்டு, பருவ மாற்றம், பராமரிப்புக் குறைவு, திடீர்த் தாக்கம் என்று ஏழு காரணங்களை அடுக்கிவிட்டு, எட்டாவதாகத்தான் வினைப்பயனைச் சொல்கிறார் புத்தர். எல்லாவற்றையும் முன்வினையில் போடுவது பிழை என்கிறார். அந்த அம்மா ஏழையும் தாண்டி நேரே எட்டுக்குப் போய்விட்டார்! பௌத்தத்தில் கர்மம் என்பதே எண்ணிச் செய்வது. தெரியாமல் மிதித்த எறும்பு கணக்கில் வராது. சமணத்தில் வரும். அங்கே கர்மம் உயிரில் ஒட்டும் நுண்ணிய தூசு. ஆசையும் சினமும் சேர்ந்தால் இறுக ஒட்டும்.

இனி மாமியாரின் சைவம். உடம்பு பிராரத்தத்தால், அதாவது இப்பிறவியில் அனுபவிக்க வந்த பழவினையால், வருவது என்று சைவ சித்தாந்தம் சொல்லும்தான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கே கன்மம் (கர்மம்) அறிவில்லாத சடம். தானாக ஆளைத் தேடி வராது. இறைவன்தான் ஊட்டுவிக்கிறான், அதுவும் உயிரை மறைக்கும் அழுக்கான மலம் பழுத்து உயிர் வீடுபெற. வட்டிக்காரன் வசூல் அல்ல. வினையை நெல் என்று வையுங்கள்: களஞ்சியத்தில் கிடக்கும் நெல் சஞ்சிதம், உலையில் போட்டது பிராரத்தம், இன்று விதைப்பது ஆகாமியம். நம்மவர் உலையை மட்டும் எட்டிப் பார்ப்பார்கள். பிள்ளையின் உலையில் எந்த வயல் நெல் என்று மாமியாருக்கு யார் சொன்னது? அந்தச் சொல் அவருடைய ஆகாமியத்தில் ஏறுகிறது என்பதையும் பக்குவமாகச் சொல்லிவையுங்கள்.

கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குப் போகிற கிறிஸ்தவரைக் கேட்டால் யோவான் 9ஐக் காட்டுவார்: பிறவிக் குருடனைப் பார்த்து 'யார் செய்த பாவம்?' என்ற சீடர்களுக்கு, இவனும் அல்ல, பெற்றவர்களும் அல்ல என்பதே இயேசுவின் பதில். ஒருவர் சுமையை இன்னொருவர் சுமப்பதில்லை என்கிறது குர்ஆன். மறுபிறப்பு அங்கே பேச்சிலேயே இல்லை.

தண்ணீர் விஷயம். கெண்டியிலிருந்து கிண்ணம் நிரம்பி வழிய ஊற்றுவது பெரும்பாலும் இறந்தவர்களுக்காக. புண்ணியம் வங்கிக் கணக்குப் போல மாறுவதில்லை. பெறுகிறவர் அறிந்து மனம் மகிழ்ந்தால், அந்த மகிழ்ச்சியே அவருடைய நல்வினை. இரண்டு வயதுப் பிள்ளைக்கு அது எப்படிப் பொருந்தும்?

முதல் ஏழு காரணங்கள் வைத்தியர் பார்க்கக்கூடியவை. கர்ப்பத்தில் ருபெல்லா, பிறந்தவுடன் கடும் மஞ்சள் காமாலை, பரம்பரை என்று கேட்டு எழுதுவார். குறையை 3 மாதத்துக்குள் உறுதிசெய்து, 6 மாதத்துக்குள் உதவி தொடங்க வேண்டும் என்பது செவிப்புல வைத்தியர்களின் கணக்கு. உங்களுக்கு ஏற்கெனவே பிந்திவிட்டது. தானத்துக்கு நாள் பார்க்க முன் கிளினிக்குக்கு நாள் எடுங்கள்.