உள்ளூர் கேபிள் சேனலில் பல வருஷமாகச் செய்தி வாசிப்பவர்கள் ஏன் பெரிய சேனலுக்குப் போவதில்லை? திறமை போதாதா?

"திறமை போதாதா" என்ற அந்தக் கடைசி வரி மட்டும் இல்லையென்றால் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போயிருப்பேன்.

குன்னூரில் ஒரு கேபிள் சேனலில் 1999-லிருந்து செய்தி வாசிக்கிறேன். சேனல் பெயரைச் சொல்லவில்லை, சொன்னாலும் மலைப்பாதையில் இருக்கும் பர்லியாருக்குக் கீழே யாருக்கும் தெரியாது. பகலில் ஒரு தனியார் பள்ளியில் தமிழ் டீச்சர். சாயங்காலம் ஏழு மணிக்குச் செய்தி. நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. கேட்டிருக்கிற விதத்தைப் பார்த்தால், படிப்பை முடித்துவிட்டீர்கள், சொந்த ஊரில் ஏதோ சின்ன சேனலில் கூப்பிட்டிருக்கிறார்கள், போனால் அங்கேயே மாட்டிக்கொள்வோமோ என்று யோசிக்கிறீர்கள். அப்படி இல்லையென்றாலும் பரவாயில்லை, அப்படித்தான் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

எங்கள் செய்தியில் பிரதமர் வரமாட்டார். ரேலியா அணையில் தண்ணீர் எவ்வளவு, எந்த வார்டுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை விடுவார்கள், எந்த எஸ்டேட்டில் கரடி இறங்கியிருக்கிறது, படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு பஸ் எந்த வழியாகப் போகும், வியாழன் வெள்ளி தேயிலை ஏலம் எப்படிப் போனது, யார் வீட்டில் துக்கம். வாசிக்க வேண்டியதைத் திரையில் ஓட்டிக் காட்டும் பிராம்ப்டர் கிடையாது, கையில் கிளிப் போட்ட பேப்பர்தான். கேமரா தம்பிக்குக் கல்யாண ஆர்டர்தான் சோறு போடுகிற தொழில். அதனால் முகூர்த்த நாளில் சாயங்காலச் செய்தியை நான் பள்ளிக்குப் போகும் முன்பே வாசித்துப் பதிவு செய்துவிட வேண்டும். அன்றைக்கு மதியம் ஊரே புரண்டாலும் எங்கள் செய்தியில் வராது. சிரிக்கலாம், நாங்களும் சிரித்திருக்கிறோம். பின்னால் பச்சைத் திரை கட்டினார்கள், பச்சையாக இருக்கும் இடத்திலெல்லாம் கம்ப்யூட்டர் வேறு படத்தைப் போட்டுவிடும். அதன் பிறகு என் பச்சைப் புடவைகள் எல்லாம் பீரோவிலேயே தங்கிவிட்டன.

வாசிக்கக் கற்றது ரேடியோவில். காலை ஏழே காலுக்கு டெல்லியிலிருந்து "ஆகாசவாணி, செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணசாமி" என்று வந்ததும் அப்பா வீட்டில் யாரையும் பேச விடமாட்டார். அந்த அம்மா எங்கே மூச்சு வாங்குகிறார் என்று கண்டுபிடிப்பதுதான் எனக்கும் அக்காவுக்கும் போட்டி. 2022-ல் அவர் காலமான செய்தியை எங்கள் சேனலில் நான்தான் வாசித்தேன். உள்ளூர்ச் செய்தி இல்லையே என்று முதலாளி முனகினார். நாங்கள் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம், அண்ணனிடம் சண்டை போட்டு வாசித்தேன்.

சென்னையில் வாசிப்பவர்களை நான் குறை சொல்லவில்லை, உடனே கமெண்டில் வந்துவிடாதீர்கள். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. நான் யார் பெயரை வாசிக்கிறேனோ அவர் மறுநாள் காலை மார்க்கெட்டில் எனக்குப் பக்கத்தில் நின்று கேரட் பொறுக்கிக்கொண்டிருப்பார். "அப்பாவுக்கு எழுபத்தி நாலுதான் டீச்சர், எழுபத்தெட்டுன்னு படிச்சிட்டீங்க" என்பார். துக்கச் செய்திக்கான சீட்டில் அவர் தம்பியே அப்படித்தான் எழுதிக் கொடுத்திருப்பார். அதைச் சொல்ல முடியுமா? ஜெகதளா, ஒன்னதலை, எப்பநாடு என்று ஊர்ப் பெயர் ஒன்றைக் கொஞ்சம் இழுத்தாலும் அந்த ஊரிலிருந்து போன் வரும்.

இனி 2009 நவம்பருக்கு வருகிறேன். மலையில் இருந்தவர்களுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவில் இருக்கும் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை. சென்னையில் வருஷம் முழுக்கப் பெய்வதே சுமார் 140 சென்டிமீட்டர்தான். தேயிலைச் சரிவும் அதன்மேல் இருந்த வீடுகளும் சேர்ந்தே இறங்கின. மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மேட்டுப்பாளையம் சாலை மூடிவிட்டது, மலை ரயில் பாதை பல இடங்களில் அறுத்துக்கொண்டு போய்விட்டது.

என் வாழ்க்கையிலேயே பெரிய செய்தி அது. பார்க்கத்தான் ஆளில்லை. கேபிள் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் இது புரியும். கண்ட்ரோல் ரூமிலிருந்து கிளம்பும் சிக்னல் போகப் போகத் தளர்ந்துவிடும், அதைத் தூக்கிவிட வழியில் கம்பங்களில் ஆம்ப்ளிஃபயர் பெட்டி வைத்திருப்பார்கள். அந்தப் பெட்டிக்கும் கரண்ட் வேண்டும். பல இடங்களில் கம்பமே இல்லை. எங்களிடம் ஒரு ஜெனரேட்டர் இருந்தது, அதை வைத்து வாசித்தால் பஜாரில் பக்கத்துக் கட்டடம்வரைகூடப் போகாது. அண்ணன் ஒரு டிவியைக் கீழே எலக்ட்ரிக்கல் கடை வாசலில் மேஜை போட்டு வைத்தார். மாடியில் நான் வாசிப்பேன், கீழே குடையோடு நின்று கேட்பார்கள். அவ்வளவுதான் எங்கள் ஒளிபரப்பு.

ஆனால் ஜனங்கள் நடந்து வந்தார்கள். சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். "நாங்கள் பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிறோம், நல்லாயிருக்கிறோம், அருவங்காட்டில் இருக்கும் அக்காவுக்குச் சொல்லவும்." "இன்னாரைக் காணவில்லை, பார்த்தவர்கள் தகவல் தரவும்." மணிக்கொரு தடவை அதையே வாசித்தேன். கீழே கேட்டவர்கள் அவரவர் ஊருக்குப் போய்ச் சொன்னார்கள். திருப்பூரிலிருந்தும் கோவையிலிருந்தும் ஆபீஸ் போனுக்கு அழைப்பு வந்துகொண்டே இருந்தது, லைன் இருந்தவரைக்கும்.

அதில் ஒருவர். காலையில் காணவில்லை என்று இரண்டு பெயர் எழுதிக் கொடுத்திருந்தார். சாயங்காலம் திரும்பி வந்து அந்த இரண்டு பெயரையும் இறந்தவர்கள் பட்டியலில் வாசிக்கச் சொன்னார். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தார். கொஞ்ச நேரம் உட்காருங்கள் என்றேன். "நீங்களே படிச்சிடுங்க டீச்சர். பாக்கிறவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் என்னால சொல்லிக்கிட்டு இருக்க முடியாது" என்றார். வாசித்தேன். குரல் உடையவில்லை. அவர் கீழே நின்று கேட்டுக்கொண்டிருக்கும்போது உடைவதற்கு எனக்கென்ன உரிமை இருக்கிறது?

கேமரா தம்பி முழங்கால் சேற்றில் நின்று எடுத்த காட்சிகளை ஒரு பெரிய சேனல் எங்கள் லோகோவை மறைத்துவிட்டுப் போட்டது. பெயர் வேண்டாம். நன்றி என்று ஒரு வார்த்தை இல்லை. அதில் எல்லா ஊரும் "ஊட்டி அருகே". வெலிங்டனும் ஊட்டி அருகே, கோத்தகிரியும் ஊட்டி அருகே.

அடுத்த வருஷம் சென்னையில் வேறொரு சேனல் குரல் தேர்வுக்குக் கூப்பிட்டது. போனேன். தேர்வும் ஆனேன். திறமை பற்றிக் கேட்டீர்களே, அதற்குத்தான் இதைச் சொல்கிறேன். அவர்கள் சொன்ன சம்பளத்தில் வாடகை போக, பையனுக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட முடியாது. வீட்டுக்காரர் வேலை இங்கே. ஊருக்காக நின்றுவிட்டேன் என்று மேடையில் சொன்னால் கைதட்டுவார்கள், ஆனால் நான் போட்டது வெறும் கூட்டல் கழித்தல் கணக்கு. உள்ளூரில் தங்கிவிட்ட பலரிடம் விசாரித்துப் பாருங்கள், இதே கணக்குத்தான் வரும்.

2021 டிசம்பர் 8 பற்றியும் கேட்பார்கள். நஞ்சப்பசத்திரத்தில் விமானப் படை ஹெலிகாப்டர் விழுந்த நாள். உள்ளே முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் இருந்தார் என்று மதியமே வாட்ஸ்அப்பில் ஓடிக்கொண்டிருந்தது. திரையின் அடியில் ஓடும் ஸ்க்ரோலில் இறந்துவிட்டார் என்று போடச் சொல்லி எத்தனை பேர் நச்சரித்தார்கள்! விமானப் படை சொல்லாமல் போட மாட்டேன் என்றேன். ஆறு மணியை ஒட்டி அவர்களே அறிவித்தார்கள், ஏழு மணிக்கு வாசித்தேன். "உங்க டிவிக்கு எல்லாமே லேட்" என்று ஒரு மெசேஜ் வந்தது. முதலில் போர்வையும் தண்ணீருமாக ஓடியவர்கள் அந்த ஊர்க்காரர்கள், அதை வாசித்தபோது மட்டும் கொஞ்சம் நிறுத்தி வாசித்தேன்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லாதது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருஷத்தில் எனக்கு வாசிக்கவே பிடிக்காத செய்தி தேயிலை விலை. எங்களுக்கும் கொஞ்சம் தோட்டம் இருக்கிறது. ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சைத் தேயிலை வேண்டும். பறிக்கிற கூலி, உரம், மூட்டையை ஏற்றிவிடும் வண்டி வாடகை எல்லாம் வருஷா வருஷம் ஏறுகிறது. தேயிலை வாரியம் மாதாமாதம் ஒரு விலை அறிவிக்கிறது, அதை நான் தெளிவாக, திருத்தமாக வாசிக்கிறேன். இலையைத் தொழிற்சாலையில் கொண்டுபோய்ப் போட்டால் கையில் கிடைப்பது வேறாக இருக்கிறது. "டீச்சர், நீங்க படிச்ச விலையை எங்க தராங்க, அட்ரஸ் சொல்லுங்க" என்று பஸ்ஸில் ஒரு பெரியவர் கேட்டார். நான் என்ன பதில் சொல்வேன்? எங்கள் இலைக்கே தெரியாத அட்ரஸ் அது.

கேபிளை இன்னுமா பார்க்கிறார்கள் என்பீர்கள். செட்டாப் பாக்ஸ் வந்தபிறகு எங்கள் சேனல் மூன்று இலக்க எண்ணுக்குப் போய்விட்டது, ரிமோட்டில் அதைத் தேடத் தெரியாத பாட்டிமார்களை நாங்கள் இழந்தோம். இப்போது யூடியூபிலும் போடுகிறோம். துபாயிலிருந்து பார்க்கிறார்கள், என் தலைமுடி நரைத்ததைப் பற்றி எழுதுகிறார்கள்.

நீங்கள் போவதாக இருந்தால் ஒன்றே ஒன்று. சம்பளத்தை மாதத்துக்கு இவ்வளவு என்று பேசுங்கள், எழுதியும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு செய்திக்கு இவ்வளவு என்று ஒத்துக்கொண்டால், ஜூலை ஆகஸ்டில் கரண்ட் இல்லாத நாளுக்கெல்லாம் பிடித்துக்கொள்வார்கள்.