குளிர்காலம் வந்தாலே மனம் சோர்ந்துவிடுகிறது: இது சோம்பலா, நோயா?

கேள்வி: எனக்கு வயது 34. கணக்குத் துறையில் வேலை. மூன்று ஆண்டுகளாகக் குளிர்காலம் தொடங்கியதும் நான் வேறு ஆளாகிவிடுகிறேன். பத்து மணி நேரம் தூங்கினாலும் படுக்கையை விட்டு எழ முடிவதில்லை. இனிப்பும் மாவுப் பண்டங்களும் தேடித் தேடிச் சாப்பிடுகிறேன். தோழிகள் அழைத்தால் போனை எடுப்பதில்லை. பகல் நீளத் தொடங்கியதும் தானாகவே சரியாகிவிடுகிறது. "வெறும் சோம்பல்" என்கிறார் கணவர். எனக்கும் சில நேரம் அப்படித்தான் தோன்றுகிறது. இதற்கென்றே விற்கும் விளக்கு ஒன்றை வாங்கினால் போதுமா? மாத்திரை சாப்பிட வேண்டியிருக்குமா?

பதில்: சோம்பல் நாள்காட்டி பார்த்து வருவதில்லை. ஆண்டுதோறும் ஒரே பருவத்தில் தொடங்கி, ஒரே பருவத்தில் விலகும் சோர்வுக்கு மருத்துவத்தில் பெயர் இருக்கிறது: பருவகால மனச்சோர்வு. 1984-ஆம் ஆண்டு அமெரிக்க மனநல ஆய்வு நிறுவனத்தில் நார்மன் ரோசென்தாலும் அவருடன் பணியாற்றியவர்களும் இதை முதன்முறையாகத் தெளிவாக வரையறுத்தார்கள். இன்று இது தனி நோயாக அல்ல, மனச்சோர்வு நோயின் ஒரு வகையாகவே கருதப்படுகிறது. ஆகவே மற்ற மனச்சோர்வைப் போலவே இதற்கும் சிகிச்சை தேவை. "பனி விலகினால் சரியாகிவிடும்" என்று ஆண்டில் நான்கைந்து மாதங்களைப் பல்லைக் கடித்துக்கொண்டு கழிக்க வேண்டியதில்லை.

நீங்கள் சொல்லும் அறிகுறிகள் இந்த நோய்க்கு அப்படியே பொருந்துகின்றன. மனச்சோர்வு என்றதும் தூக்கம் வராது, பசி எடுக்காது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். குளிர்காலத்தில் வரும் வகை பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. தூக்கம் கூடும், மாவுச்சத்தில் நாட்டம் கூடும், எடை ஏறும், கைகால்கள் ஈயக் குண்டைக் கட்டியதுபோல் கனக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு, நன்றாகச் சாப்பிட்டுவிட்டு நன்றாகத் தூங்கும் ஒருவர்தான் தெரிகிறார். சோம்பல் என்ற பழி இங்கிருந்துதான் பிறக்கிறது. உங்கள் கணவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "கோடையில் நான் இப்படி இருந்து பார்த்திருக்கிறீர்களா?"

கோடையில் வரும் வகையும் உண்டு, அது அரிது. அதில் தூக்கம் கெடும், பசி குறையும், படபடப்பும் எரிச்சலும் மேலோங்கும்.

இருந்தாலும் முடிவு கட்டுவதற்கு முன் சிலவற்றைச் சரிபார்க்க வேண்டும். குறைந்தது இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து, ஒரே பருவத்தில் வந்து விலகியிருந்தால்தான் இந்தப் பெயரைச் சொல்வோம். உங்கள் கணக்கு அதைத் தாண்டிவிட்டது. ஆனால் நீங்கள் கணக்குத் துறையில் இருக்கிறீர்கள். ஆண்டு முடிவுக் கணக்கை முடிக்கும் நெருக்கடியும் ஒவ்வோர் ஆண்டும் இதே மாதங்களில்தான் வருகிறதா? ஆம் என்றால், சோர்வுக்குக் காரணம் பருவமா வேலைச்சுமையா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அதோடு தைராய்டுச் சுரப்புக் குறைவும் இரத்தசோகையும் இதே உருவத்தில் வரும். ஓர் எளிய இரத்தப் பரிசோதனை அவற்றைக் காட்டிக்கொடுத்துவிடும். எனவே விளக்கு வாங்கும் முன் ஒரு மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

இனி, ஒளிக்கும் மனதுக்கும் என்ன தொடர்பு என்பதைச் சொல்கிறேன். அது புரிந்தால் மற்ற ஆலோசனைகள் தாமாகவே விளங்கும்.

நம் விழித்திரையில், பார்ப்பதற்கு உதவும் செல்களைத் தவிர வேறொரு வகைச் செல்களும் உள்ளன. மெலனாப்சின் என்ற நிறமியைக் கொண்ட இவற்றின் முக்கியப் பணி, வெளியே எவ்வளவு வெளிச்சம் இருக்கிறது என்று மூளையின் அடிப்பகுதியில் உள்ள உடல் கடிகாரத்துக்குச் சொல்வது. பெரும்பாலோருக்கு அந்தக் கடிகாரத்தின் சுற்று 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளமானது. காலை வெளிச்சம்தான் அதை நாள்தோறும் முன்னே தள்ளிச் சரி செய்கிறது. பொழுது தாமதமாக விடியும் மாதங்களில் இந்தத் திருத்தம் சரியாக நடப்பதில்லை. கடிகாரம் பின்தங்குகிறது. இருளில் சுரந்து தூக்கத்துக்குத் தயார்ப்படுத்தும் மெலடோனின் என்ற ஹார்மோன், நீங்கள் அலுவலகத்துக்குக் கிளம்பும் நேரத்திலும் இரத்தத்தில் தங்கியிருக்கிறது. அலாரம் அடித்தும் எழ முடியாததில் உங்கள் மன உறுதிக்குப் பங்கில்லை. உடலுக்கு இன்னும் நள்ளிரவு முடியவில்லை. மனநிலையோடு தொடர்புள்ள செரடோனின் என்ற மூளை வேதிப்பொருளின் செயல்பாடும் பருவத்தோடு மாறுகிறது என்பதற்குச் சான்றுகள் உள்ளன. நிலநடுக்கோட்டிலிருந்து தொலைவில், பகல் மிகவும் சுருங்கும் இடங்களில் இந்தச் சோர்வு அதிகம் காணப்படுவதும் பெரும்பாலும் இதனால்தான். ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது.

"வீட்டில் எல்லா விளக்கையும் போட்டுத்தானே வைத்திருக்கிறேன்" என்று பலர் கேட்பார்கள். கண் நம்மை ஏமாற்றும் இடம் இது. பளிச்சென்று தோன்றும் வீட்டு அறையில் 100 முதல் 300 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சமே இருக்கும்; அலுவலகத்தில் 500 அளவில் இருக்கலாம். மேகம் மூடிய பகலில்கூட வெளியே பெரும்பாலும் ஆயிரம் லக்ஸுக்கு மேல் கிடைக்கும். நல்ல வெயிலில் 50,000-ஐத் தாண்டும். வானம் மப்பும் மந்தாரமுமாக இருந்தாலும் காலையில் வெளியே அரை மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். செலவில்லாத சிகிச்சை அது. நடையே மனச்சோர்வுக்கு மருந்து என்பது தனி ஆதாயம்.

நீங்கள் கேட்ட விளக்குக்கு வருகிறேன். பலன் உண்டு, முறையாகப் பயன்படுத்தினால். 10,000 லக்ஸ் தரக்கூடிய, புற ஊதாக் கதிர்களை வடிகட்டும் ஒளிப்பெட்டிதான் தேவை. எழுந்த ஒரு மணி நேரத்துக்குள், அரை மணி நேரம் அதன் முன் அமர வேண்டும். விளக்கையே உற்றுப் பார்க்கக் கூடாது. கண்கள் திறந்திருந்து, ஒளி பக்கவாட்டிலிருந்தோ சற்று மேலிருந்தோ விழுந்தால் போதும். அந்த நேரத்தில் சாப்பிடலாம், செய்தித்தாள் படிக்கலாம்.

பெரும்பாலோர் கோட்டை விடுவது தூரத்தில். பெட்டியின் அட்டையில் "10,000 லக்ஸ்" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். "30 சென்டிமீட்டர் தூரத்தில்" என்பது பொடி எழுத்தில் இருக்கும். விளக்கை மேசையின் அடுத்த ஓரத்துக்குத் தள்ளி, 60 சென்டிமீட்டர் தூரத்தில் வைத்தால் ஏறக்குறைய கால் பங்கு ஒளிதான் கண்ணுக்கு வந்து சேரும். பிறகு "நானும் போட்டுப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை" என்று மூலையில் வைத்துவிடுவார்கள். அளவு நாடாவை எடுத்துக் கண்ணிலிருந்து விளக்குவரை அளந்துவிட்டு உட்காருங்கள். மாலையில் வேண்டாம், தூக்கம் கெடும். ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரங்களுக்குள் மாற்றம் தெரியத் தொடங்கும். தொடக்கத்தில் தலைவலியோ கண் கூச்சமோ வந்தால் நேரத்தைக் குறைத்து, மெல்லக் கூட்டிக்கொள்ளலாம்.

இரண்டு எச்சரிக்கைகள் கட்டாயம். உங்களுக்கோ குடும்பத்தில் யாருக்கேனுமோ இருதுருவ மனநோய் இருந்தால், அதாவது சோர்வும் கட்டுக்கடங்காத உற்சாகமும் மாறி மாறி வரும் நோய் இருந்தால், மருத்துவரின் மேற்பார்வை இல்லாமல் இந்த விளக்கைத் தொடாதீர்கள். மிகையான உற்சாக நிலையை அது கிளப்பிவிடக்கூடும். வெயில் வந்ததும் உங்களுக்குச் "சரியாகிவிடுகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். தூக்கமே தேவைப்படாத, பேச்சும் செலவும் எல்லை மீறிய நாட்கள் அப்போது இருந்தனவா என்று நினைத்துப் பார்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள். அடுத்தது, விழித்திரை நோய் உள்ளவர்களும், நீரிழிவால் கண் பாதிக்கப்பட்டவர்களும், ஒளிக்கூச்சத்தை உண்டாக்கும் மருந்து சாப்பிடுபவர்களும் முதலில் கண் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

விளக்கு மட்டும் போதுமா? என் கருத்தில், போதாது. அறிவாற்றல் நடத்தை சிகிச்சை என்ற பேச்சு வழிச் சிகிச்சையைக் குளிர்காலச் சோர்வுக்கென்றே அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெல்லி ரோஹன் வடிவமைத்தார். அவரது ஆய்வில், ஆறு வாரச் சிகிச்சை முடிந்த நிலையில் அதுவும் ஒளி சிகிச்சையும் ஏறக்குறைய சமமான பலனே தந்தன. ஆனால் இரண்டு குளிர்காலங்கள் கழித்துப் பார்த்தபோது, ஒளி சிகிச்சை பெற்றவர்களில் ஏறக்குறைய 46 சதவீதத்தினருக்கும், பேச்சு சிகிச்சை பெற்றவர்களில் 27 சதவீதத்தினருக்கும் சோர்வு திரும்பியிருந்தது. விளக்கை ஆண்டுதோறும் தவறாமல் எடுத்து வைக்க வேண்டும்; கற்றுக்கொண்ட பழக்கம் கூடவே இருக்கும்.

அதில் என்ன கற்றுத் தருகிறார்கள்? தோழி அழைக்கிறாள். "வெளியே இருட்டிவிட்டது, போய் என்ன ஆகப்போகிறது" என்று ஓர் எண்ணம் வருகிறது. போனை எடுக்காமல் விடுகிறீர்கள். ஒரு நிமிடம் நிம்மதி, பிறகு குற்ற உணர்வு, மறுநாள் இன்னும் அதிகத் தனிமை. இந்தச் சங்கிலியைத் தாளில் எழுதி, முதல் கண்ணியில் கைவைக்கப் பழக்குகிறார்கள். எண்ணத்தை அப்படியே நம்பாமல், "போன முறை போனபோது எப்படி இருந்தது?" என்று கேட்டுப் பார்ப்பது, மனம் வந்த பிறகு செய்யலாம் என்று காத்திராமல், செய்தால் மனம் வரும் என்று தொடங்குவது. தோழியிடம் இப்போதே சொல்லி வையுங்கள்: "குளிர்காலத்தில் நான் போனை எடுக்காவிட்டால், நேரில் வந்து கதவைத் தட்டு."

மாத்திரையைக் கண்டு பயப்பட வேண்டாம். சோர்வு வேலையையும் குடும்பத்தையும் பாதிக்கும் அளவுக்கு இருந்தால் மனச்சோர்வு எதிர்ப்பு மருந்துகள் நன்றாகவே உதவுகின்றன. அவற்றுள் புப்ரோபியான் என்ற மருந்தின் நீடித்துச் செயல்படும் வடிவத்துக்கு, பருவகாலச் சோர்வைத் தடுப்பதற்கென்றே 2006-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு அது ஆகாது. எந்த மருந்து, எவ்வளவு என்பது மருத்துவரின் முடிவு. வைட்டமின் டி குறைவாக இருந்தால் சாப்பிடுங்கள், எலும்புக்கு நல்லது. அதுவே இந்தச் சோர்வைத் தீர்க்கும் என்று நம்பி மற்றவற்றை விட்டுவிடாதீர்கள்.

வாழ்ந்து பயனில்லை, செத்தால் தேவலை என்ற எண்ணம் தலைகாட்டினால் இந்த ஆலோசனைகள் எதற்கும் காத்திருக்க வேண்டாம். அன்றே கணவரிடம் சொல்லி, அவசர மருத்துவ உதவியை நாடுங்கள்.

மற்ற மனச்சோர்வுகள் சொல்லாமல் வரும். உங்களுடையது வரும் மாதம் உங்களுக்குத் தெரியும். இதைவிடப் பெரிய வசதி இந்த நோயில் வேறில்லை, அதை வீணாக்காதீர்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் சோர்வு எப்போது தலைகாட்டியது என்று உங்கள் கணவரோடு சேர்ந்து நினைவுபடுத்திக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரைப் பார்த்து, காலை நடையையும் விளக்கையும் எப்போது தொடங்குவது என்று முடிவு செய்யுங்கள். சற்றுத் தெம்பு வந்ததும் விளக்கை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்திய சில நாட்களில் சோர்வு திரும்புவது வழக்கம். உங்களுக்கு வழக்கமாகத் தெளிவு பிறக்கும் காலம்வரை தொடருங்கள். மருந்து சாப்பிட்டால், அதை எப்போது, எப்படிக் குறைப்பது என்பதை மருத்துவரிடம் கேட்டே செய்யுங்கள்.