டேனரியும் டி-டேனும்

கேள்வி: எங்கள் ஊரில் டேனரி (தோல் பதனிடும் ஆலை) என்றால் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டுகிற இடம். பியூட்டி பார்லர் வாசலில் வெயிலில் கறுத்த நிறத்தை இறக்க ‘டி-டேன்’ என்று போர்டு வைத்திருக்கிறார்களே, அந்த டேனும் இந்த டேனும் ஒன்றா?
– ஒரு வாசகி, ஆம்பூர்

பதில்: ஒன்றேதான். ஆனால் ஆரம்பத்தில் அது தோலும் இல்லை, வெயிலும் இல்லை, மரப்பட்டை! இடித்த ஓக் பட்டைக்கு இடைக்கால லத்தீனில் ‘டன்னும்’ என்று பெயர். அதில் தோலை ஊறப்போட்டுப் பதனிடுகிற வேலைக்கு ஆயிரம் வருடம் முன்பே ஆங்கிலத்தில் ‘டேன்’ வந்துவிட்டது. நம் பக்கம் ஓக்குக்கு எங்கே போவது? ஆவாரம்பட்டைதான், அப்புறம் கடுக்காய். எந்தப் பட்டையானாலும் அதன் துவர்ப்பு தோலிலுள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்ளும், தோல் அழுகாது. பால் விடாத ஸ்ட்ராங் டீ குடித்தால் நாக்கு இழுத்துப் பிடிக்கிறதே, ஏறக்குறைய அதே சங்கதி (டீக்கடைக்காரரிடம் சொல்லிவிடாதீர்கள்).

பட்டையில் ஊறிய தோல் பழுப்பாகும், வெயிலில் காய்ந்த வெள்ளைக்காரர் உடம்பும் பழுப்பாகும் என்பதால் 16ஆம் நூற்றாண்டிலேயே அதற்கும் இந்த வினையைச் சொல்ல ஆரம்பித்தார்கள். பிற்பாடு ‘உன் தோலை டேன் பண்ணிவிடுவேன்’ என்றால் உதைதான். சிரிக்காதீர்கள், வாத்தியார் பிரம்பு முதுகைப் பதம் பார்த்தது என்று நாமும்தான் சொல்கிறோம், பதனிடுவதிலும் இருப்பது அதே பதம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், 1903 வாக்கில் சென்னையில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், பட்டைக்குப் பதில் குரோமியம் உப்பில் பதனிடும் குரோம் முறையைக் கொண்டுவந்தார், இன்று ராணிப்பேட்டை, வாணியம்பாடிப் பக்கம் பெரும்பாலும் குரோம் உப்புதான். அதில் தோல் வெளிர்நீலமாக வெளியே வரும், தொழிலில் ‘வெட் ப்ளூ’ என்றே சொல்கிறார்கள். பட்டையும் போய்ப் பழுப்பும் போய், பெயர் மட்டும் டேனரி. வெள்ளைக்காரர் கடற்கரையில் படுத்துக் கிடந்து உடம்பில் ஏற்றிக்கொள்கிற டேனை நாம் பார்லரில் காசு கொடுத்து இறக்குகிறோம், அது வேறு கதை.

கேள்வி: ‘கர்ரி’ என்றும் ஒரு தோல் வேலை உண்டாமே, நம் கறியா?
– ஒரு வாசகர், வாணியம்பாடி

பதில்: இல்லை சார், பிரியாணியோடு முடிச்சுப் போடாதீர்கள். இது பழைய பிரெஞ்சுச் சொல். பதனிட்ட தோலுக்கு எண்ணெய் ஏற்றி மெருகு போடுவது, குதிரையைத் தேய்த்துச் சீவுவது இரண்டுக்கும் அதுதான். 14ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கவிதை ஒன்றில் ஃபாவெல் என்ற குதிரையை ஆளாளுக்குச் சீவிவிட்டுக் காக்கா பிடிப்பார்கள். அந்த ‘கர்ரி ஃபாவெல்’தான் காதில் தேய்ந்து ‘கர்ரி ஃபேவர்’ (காக்கா பிடிப்பது) ஆனது.