மருமகளின் மாத்திரையை மாமியாருக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 41, எடை 50 கிலோ. மாதவிடாய் ஏழெட்டு நாள் நிற்காமல் போகிறது. மூன்று மாதத்துக்கு முன் ஹீமோகுளோபின் 7.8. தினமும் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் இப்போது 8.3தான். எம்.சி.வி. 66, ஃபெரிட்டின் 6. மலச்சிக்கலும் நெஞ்செரிச்சலும்தான் கண்ட பலன். காலை 6 மணிக்குத் தைராய்டு மாத்திரையும் கேஸ் மாத்திரையும் போடுகிறேன். 9 மணிக்கு டிபன் சாப்பிட்டதும் இரும்பு, கால்சியம் இரண்டையும் போட்டுவிட்டு டீ குடிப்பேன். டிரிப்ஸில் இரும்பு ஏற்றலாம் என்கிறார்கள், பயமாக இருக்கிறது. மாமியாருக்கு வயது 68. பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், பி.பி.க்கும் மாத்திரை. அவருக்கும் ரத்தம் குறைவு, 9.2. கால் மரத்துப்போகிறது, நடை தள்ளாடுகிறது, ஒரு வாரமாக அசந்து படுத்தே இருக்கிறார். அவருடைய எம்.சி.வி. 108, பி12 140, சோடியம் 124, பொட்டாசியம் 3.2. என் மாத்திரையையே அவருக்கும் கொடுக்கலாமா? உப்பு கூடுதலாகப் போட்டால் சோடியம் ஏறுமா?
- வாசகி, தாராபுரம்.

பதில்: கொடுக்க வேண்டாம். உங்கள் இருவருக்கும் ‘ரத்தம் குறைவு’ என்று ஒரே பெயர் சொன்னாலும் நோய் வேறு வேறு. அது எம்.சி.வி. எண்ணிலேயே தெரிகிறது. சிவப்பணுவின் சராசரி அளவு அது. 80 முதல் 100 வரை சரியான அளவு. உங்களுக்கு 66, அதாவது உள்ளே நிரப்ப இரும்பு இல்லாமல் சிறுத்துப்போன அணுக்கள். மாமியாருக்கு 108. பி12 இல்லாததால் உரிய நேரத்தில் பிரிய முடியாமல் பருத்துப்போன அணுக்கள்.

உங்கள் மாத்திரை ஸ்ட்ரிப்பின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். இரும்புக்குக் கீழே ஃபோலிக் ஆசிட் என்று ஒரு வரி அநேகமாக இருக்கும். ஆபத்து அந்த வரியில்தான். பி12 குறைந்தவருக்கு ஃபோலிக் ஆசிட் மட்டும் கொடுத்தால் ஹீமோகுளோபின் கொஞ்சம் ஏறும், வீட்டில் எல்லோரும் நிம்மதியடைவார்கள். ஆனால் பி12 இல்லாமல் தண்டுவட நரம்பில் நடக்கும் சேதம் நிற்காது. ரிப்போர்ட் தேறிக்கொண்டே வர, கால் மோசமாகிக்கொண்டே போகும்.

உங்களைப் பற்றிச் சொல்வதற்கு முன் மாமியாரின் சோடியத்தைப் பார்க்க வேண்டும். 135க்குக் கீழே போனாலே குறைவுதான். 124, கூடவே ஒரு வார அசதி, தள்ளாட்டம் என்றால் வீட்டில் வைத்துப் பார்க்கிற விஷயம் இல்லை. இதைப் படித்த அன்றே ரத்தப் பரிசோதனை வசதியுள்ள மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். பேச்சு குழறினாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, வலிப்பு வந்தாலோ, கூப்பிட்டால் சரியாக விழிக்காவிட்டாலோ 108ஐ அழையுங்கள்.

போகும்போது பி.பி. மாத்திரை ஸ்ட்ரிப்பைக் கையோடு எடுத்துப் போங்கள். பெயரின் கடைசியில் ‘எச்’ என்ற எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறதா, உட்பொருள்களில் ஹைட்ரோகுளோரோதயசைட் அல்லது குளோர்தாலிடோன் என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அன்றைய வேளையைக் கொடுக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். பி.பி. மாத்திரையோடு சேர்த்து வரும் நீர் மாத்திரை இது. நல்ல மருந்துதான், ஆனால் வயதான பெண்களில் சிலருக்குச் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் சேர்த்தே இறக்கிவிடும். சர்க்கரை மிகவும் கூடியிருந்தாலும் ரிப்போர்ட்டில் சோடியம் குறைவாகத் தெரியும் என்பதால் அதே ரத்தத்தில் சர்க்கரையையும் பார்க்கச் சொல்லுங்கள்.

உப்பு கூடுதலாகப் போடுவது இதற்கு வைத்தியம் இல்லை. பெரும்பாலும் உடம்பில் உப்பு போதவில்லை என்பதைவிட, தண்ணீர் வெளியேற முடியாமல் தங்கி உப்பை நீர்த்துப்போக வைப்பதுதான் காரணம். மருந்து மாறாமல் உப்பை மட்டும் கூட்டினால் பி.பி.தான் ஏறும். ‘தினமும் நாலு லிட்டர் தண்ணீர் குடி’ என்று யாராவது சொல்லி அவரும் குடித்துக்கொண்டிருந்தால் அதை முதலில் நிறுத்துங்கள். சோடியம் குறைந்தவருக்கு அக்கறையோடு கொடுக்கிற இளநீரும் வேண்டாம். அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் சொற்பம்.

மருத்துவமனையில் ‘ஒரே நாளில் ஏற்றிவிடுங்கள்’ என்று அவசரப்படுத்தவும் கூடாது. சோடியத்தை 24 மணி நேரத்தில் 8 முதல் 10 புள்ளிக்கு மேல் உயர்த்தக் கூடாது என்பது கணக்கு. குறைந்த சோடியத்துக்குப் பழகிவிட்ட மூளை, வேகமாக ஏற்றினால் அதைத் தாங்காது. நரம்புகளின் மேலுறை கரைந்து கை கால் செயலிழக்கவும் கூடும். நீர் மாத்திரையை நிறுத்தியதும் தேங்கிய தண்ணீர் சடசடவென்று வெளியேறி, யாரும் எதுவும் ஏற்றாமலே சோடியம் எகிறுவதுண்டு. பொட்டாசியம் கொடுத்தாலும் சோடியம் கூடவே ஏறும். அதனால்தான் சில மணி நேரத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். ‘இத்தனை தடவை குத்துகிறார்களே’ என்று அதைத் தடுக்க வேண்டாம்.

பொட்டாசியம் 3.2 என்பது லேசான குறைவு. இதற்குப் பொட்டாசியம் குளோரைடு சிரப் எழுதுவார்கள். வழக்கமாகக் கிடைக்கும் சிரப்பில் 15 மில்லிக்கு 20 மில்லி ஈக்விவலன்ட் பொட்டாசியம் இருக்கும். அப்படியே குடித்தால் வயிறு எரியும், வாந்தி வரும். சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு டம்ளர் தண்ணீரில் கலந்து மெதுவாகக் குடிக்க வேண்டும். கொடுத்தும் ஏறவில்லை என்றால் மெக்னீசியத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அது குறைந்திருந்தால் எவ்வளவு பொட்டாசியம் கொடுத்தாலும் சிறுநீரில் போய்க்கொண்டே இருக்கும்.

இனி பி12. வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்குக் குடலில் பி12 சரியாக ஏறாது. நரம்பு பாதித்திருப்பதால் மாத்திரையை விட ஊசியில் தொடங்குவதே நல்லது. 1000 மைக்ரோகிராம் ஊசி முதல் ஒன்றிரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், பிறகு வாரம் ஒன்றாக நான்கு வாரம், அதன்பின் மாதம் ஒன்று என்பது பரவலாகப் பின்பற்றப்படும் ஒரு முறை. மெட்ஃபார்மின் தொடரும் வரை பி12ம் ஏதோ ஒரு வடிவில் தொடர வேண்டும். கால் மரத்துப்போவது குறைய மாதக்கணக்கில் ஆகும். ரொம்ப நாள் கழித்துத் தொடங்கினால் முழுதாகப் போகாமலும் இருக்கலாம்.

இங்கே பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. பி12 கிடைத்ததும் எலும்பு மஜ்ஜை புது அணுக்களை வேகமாக உருவாக்கும். அந்த அணுக்கள் ரத்தத்திலிருக்கும் பொட்டாசியத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஏற்கெனவே 3.2ல் இருப்பவருக்கு அது இன்னும் இறங்கலாம். அதனால் முதல் ஊசி போட்டு மூன்று, நான்கு நாளில் பொட்டாசியத்தை மறுபடி பார்க்கக் கேளுங்கள்.

இப்போது உங்கள் மாத்திரை. அது வேலை செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். நீங்கள் எழுதிய காலை அட்டவணையில் அது உடம்புக்குள் போக வழியே இல்லை. கேஸ் மாத்திரை அமிலத்தைக் குறைக்கிறது, இரும்பு கரைய அமிலம் வேண்டும். கால்சியம் இரும்போடு போட்டி போடுகிறது. டீயிலுள்ள டானின் மிச்சமிருப்பதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. மூன்று தடைகளையும் ஒரே வேளையில் நிறுத்திவிட்டு மாத்திரையைக் குறை சொல்லி என்ன பயன்?

இப்படி மாற்றிப் பாருங்கள். காலை 6 மணிக்குத் தைராய்டு மாத்திரை, வெறும் தண்ணீரோடு மட்டும். டிபன், டீ 8 மணிக்குள். 11 மணிக்கு இரும்பு மாத்திரையை எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரோடு போடுங்கள், இல்லை என்றால் ஒரு நெல்லிக்காயோ கொய்யாத் துண்டோ கூட. தைராய்டு மாத்திரைக்கும் இரும்புக்கும் நான்கு மணி நேர இடைவெளி அவசியம், இல்லாவிட்டால் தைராய்டு மாத்திரையும் வீணாகும். மதியச் சாப்பாடு ஒரு மணிக்கு, அடுத்த டீ நாலு மணிக்கு. கால்சியம் இரவுச் சாப்பாட்டுக்குப் பின். கேஸ் மாத்திரை இரும்பால் வந்த எரிச்சலுக்காகவே தொடங்கியது என்றால், நிறுத்தலாமா என்று எழுதிக்கொடுத்தவரிடம் கேளுங்கள்.

எரிச்சலும் மலச்சிக்கலும் தாங்கவில்லை என்றால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுங்கள். இது சமாதானத்துக்குச் சொல்வதல்ல. ஒரு வேளை இரும்பு உள்ளே போனதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து, கிட்டத்தட்ட ஒரு நாள் குடலின் வாசலைச் சாத்திவைக்கிறது. அந்த நேரத்தில் போடும் அடுத்த மாத்திரையில் பெரும்பகுதி உள்ளே ஏறாமல் குடலிலேயே தங்கித்தான் மலச்சிக்கல் தருகிறது. ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று என்று போடுவதில் பயனில்லை என்பதற்கும் இதுவே காரணம். 100 மி.கி. இரும்பு உள்ள மாத்திரை ஒத்துவராவிட்டால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கொடுக்கும் 60 மி.கி. மாத்திரை போதும். ‘வயிற்றைத் தொந்தரவு செய்யாது’ என்று விற்கும் மெதுவாகக் கரையும் கேப்சூல்களில் எனக்கு நம்பிக்கையில்லை. இரும்பு ஏற வேண்டிய இடம் சிறுகுடலின் தொடக்கம், அவை கரைவது அதைத் தாண்டிப் போய். மலம் கறுப்பாகப் போவது இயல்பு, பயப்பட வேண்டாம். ஆனால் தார் போலப் பிசுபிசுத்து, நாற்றத்தோடு போனால் அது ரத்தக்கசிவு. மூட்டுவலி மாத்திரை அடிக்கடி போடுபவராக இருந்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள்.

பேரீச்சம்பழம், பீட்ரூட், மாதுளை என்று யாராவது சொல்லியிருப்பார்கள். ருசிக்குச் சாப்பிடுங்கள். நூறு கிராம் பேரீச்சம்பழத்தில் சுமார் ஒரு மில்லிகிராம் இரும்புதான். அசைவம் சாப்பிடுவீர்கள் என்றால் ஆட்டு ஈரலும் சுவரொட்டியும் (மண்ணீரல்) மேல், அவற்றிலுள்ள இரும்பு எளிதாக ஏறும். ஆனால் உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 6 என்பது அந்தச் சேமிப்பு தீர்ந்துபோன நிலை, அதைச் சாப்பாட்டால் மட்டும் நிரப்ப முடியாது.

எவ்வளவு பற்றாக்குறை என்று கணக்கிட ஒரு சூத்திரம் இருக்கிறது. எடையை, 15லிருந்து ஹீமோகுளோபினைக் கழித்த எண்ணால் பெருக்கி, அதை 2.4ஆல் பெருக்கி, சேமிப்புக்காக 500 சேர்க்க வேண்டும். உங்களுக்கு 50 × 6.7 × 2.4, கூட 500, ஆக சுமார் 1,300 மி.கி. டிரிப்ஸில் கொடுத்தால் இதை நிரப்புவது எளிது. ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் என்ற இரும்பு மருந்தை ஒரு தடவைக்கு அதிகபட்சம் 1,000 மி.கி. வரை கொடுப்பார்கள், ஒரு கால் மணி நேரம் ஆகும். ஒரு வாரம் கழித்து மிச்சம். அயர்ன் சுக்ரோஸ் என்றால் ஒரு தடவைக்கு 200 மி.கி. வீதம் ஆறேழு தடவை போக வேண்டும். பழைய மருந்துகளைப் போலக் கடும் ஒவ்வாமை அடிக்கடி வருவதில்லை, இருந்தாலும் மருத்துவமனையில்தான் ஏற்ற வேண்டும், முடிந்ததும் அரை மணி நேரம் அங்கேயே உட்கார வேண்டும். ஊசி ரத்தக்குழாயை விட்டு விலகி மருந்து தோலடியில் கசிந்தால் பழுப்புக் கறை படியும், சுலபத்தில் போகாது. எரிந்தாலோ வீங்கினாலோ உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். கார்பாக்ஸிமால்டோஸுக்குப் பிறகு சிலருக்கு ரத்தத்தில் பாஸ்பேட் இறங்கி, வாரக்கணக்கில் களைப்பும் எலும்பு வலியும் வரும்.

என் அபிப்பிராயம் இது. புதிய அட்டவணையில் நான்கு வாரம் போட்டுப் பாருங்கள். ஒரு புள்ளியாவது ஏறியிருந்தால் தொடருங்கள், 12ஐத் தொட்ட பிறகும் மூன்று மாதம் விடாமல். ஏறாவிட்டால் தயங்காமல் டிரிப்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். இடையில் நெஞ்சு வலித்தாலோ, சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ காத்திருக்க வேண்டாம்.

அதற்குள் கர்ப்பப்பை ஸ்கேன் எடுத்துவிடுங்கள். ஏழெட்டு நாள் ரத்தப்போக்குக்கு ஃபைப்ராய்டு கட்டியோ வேறு காரணமோ இருந்தால், நீங்கள் ஏற்றுவதெல்லாம் மாதாமாதம் வெளியே போய்க்கொண்டிருக்கும். அறுவை சிகிச்சை வரை போகும் போலிருந்தால் நான்கு வாரம் காத்திருக்காமல் முன்பே டிரிப்ஸில் ஏற்றிக்கொள்வதுதான் சரி. போக்கு அதிகமான நாட்களுக்கு அதைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரை எழுதினால், உங்களுக்கோ குடும்பத்தில் யாருக்காவதோ காலில் ரத்தம் உறைந்த சரித்திரம் உண்டா என்று முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.