காட்டில் ஒரே ஒரு சிப்ஸ் பாக்கெட் போட்டால் விலங்குக்கு என்ன ஆகிவிடும்? பழத்தோலையாவது போடலாமா?

இரண்டாவதற்கு முதலில் பதில்: போடக் கூடாது. காரணம் கீழே வருகிறது.

காலி சிப்ஸ் பாக்கெட் நமக்குத்தான் குப்பை, மானுக்கு அது உப்பு. இலை தழையில் சோடியம் மிகக் குறைவு. யானை, மான், காட்டுமாடு எல்லாம் உவர்மண்ணைத் தேடிப் போய்த் தின்பது அதனால்தான். உள்ளே மசாலாத் தூள் ஒட்டிய கவரை மான் முதலில் நக்கும். நாக்கு எட்டாத மூலையில் உப்பு வாசம் வந்தால் கவரையே மென்று விழுங்கிவிடும். இதைவிட மோசம், பார்சல் சாம்பார் பை. மேலே முடிச்சை அவிழ்க்காமல் கீழ் மூலையைக் கிழித்து ஊற்றிவிட்டு எறிவார்கள். முடிச்சின் மடிப்பில் சாம்பார் தங்கியிருக்கும். அதை நக்க வழியில்லை, அதனால் பை முடிச்சோடு உள்ளே போகும்.

மான், காட்டுமாடு இரண்டும் அசைபோடும் பிராணிகள். வயிற்றின் முதல் இரண்டு அறைகளிலிருந்து மூன்றாவதுக்குப் போகும் வாசல் சின்னது. நன்றாக அரைபட்ட கூழ்தான் அதில் நுழையும். பிளாஸ்டிக் அரைபடாது. அது அங்கேயே தங்கி, நாரோடும் நூலோடும் சுருண்டு உருண்டையாகும். வயிறு நிறைந்தாற்போல இருப்பதால் மேய்ச்சல் குறையும். வெளியே பார்த்தால் வயிறு உப்பலாக இருக்கும், முதுகெலும்பு துருத்திக்கொண்டு நிற்கும். சென்னை ஐஐடி வளாகத்தில் இறந்த மான்களின் வயிற்றிலும் பிளாஸ்டிக் கிடைத்திருக்கிறது.

யானை அசைபோடாது. தின்றதில் பாதிக்கு மேல் செரிக்காமலே வெளியேறும் என்பதால் கவர்களும் பெரும்பாலும் லத்தியோடு வந்துவிடும். கோவை மருதமலைப் பக்கம் லத்தியில் பால் கவரும் மசாலா பாக்கெட்டும் கிடப்பது புதிதல்ல. அதுதான் வெளியே வந்துவிடுகிறதே என்று சமாதானம் சொல்பவர்கள் உண்டு. உள்ளே சிக்கியது லத்தியில் தெரியாது, யானை இறந்தபின்தான் தெரியும். 2025 மே மாதம் மருதமலை அடிவாரத்தில் இறந்த கர்ப்பிணி யானையின் வயிற்றில் பிளாஸ்டிக் இருந்தது. இலங்கையில் அம்பாறை அருகே பள்ளக்காடு குப்பைமேட்டை அண்டியிருந்த யானைகளில் 8 ஆண்டுகளில் சுமார் 20 இறந்ததாக 2022இல் செய்தி வந்தது.

கண்ணாடி பாட்டில் வேறு கதை. உடைந்த பாட்டிலின் அடிப்பாகம் தரையில் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்ளும், கூர் விளிம்பு மேலே பார்க்கும். யானையின் பாதம் மெத்தை மாதிரி. அதில் ஏறிய சில்லு பிடுங்கப்படாமல் சீழ் வைக்கும். நொண்டும் யானையால் தீனிக்கும் தண்ணீருக்கும் நடக்க முடியாது. டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணத்தைத் திருப்பித் தரும் திட்டம் 2022 மே மாதம் நீலகிரியில்தான் தொடங்கியது. நூறு அறிவிப்புப் பலகைகளைவிட இந்தப் பத்து ரூபாய் மேல்.

பழத்தோலுக்கு வருவோம். மக்கும் என்பது உண்மை. ஆனால் அது விழும் இடம் சாலையோரம். கொண்டை ஊசி வளைவில் ஒரு குரங்குக் கூட்டம் தோலுக்காகக் காத்திருக்கப் பழகினால், அடுத்து வண்டிச் சக்கரத்தில் மாட்டுவது குட்டிதான்.

என்ன செய்யலாம்? பாக்கெட்டை மலைக்குக் கொண்டுபோகாமல் இருப்பதே முதல் வேலை. முறுக்கு, பிஸ்கட்டை வீட்டிலேயே பிரித்து எவர்சில்வர் டப்பாவில் போடுங்கள். தண்ணீருக்கு ஆளுக்கு 2 லிட்டர் எவர்சில்வர் பாட்டில். சாம்பார் சாதத்துக்குத் தூக்குவாளி போதும். ஐந்து பேருக்கு 5 லிட்டர் அளவில் திருகுமூடி டப்பா ஒன்று எடுத்துக்கொண்டால் தோல், எலும்பு, டிஷ்யூ எல்லாம் அதில் அடங்கும். கேரி பேக்கில் கட்டி வண்டிக்கு வெளியே தொங்கவிட்டால் குரங்கு பறித்துவிடும். காட்டோரக் குப்பைத்தொட்டியையும் நம்ப வேண்டாம். மூடியில்லாத தொட்டியைக் குரங்கு கவிழ்க்கும், இரவில் காட்டுப்பன்றி வரும். ஊருக்குள் இறங்கியபின் போடுங்கள்.

குழுவாகக் குப்பை பொறுக்கப் போவதென்றால் வனத்துறை அனுமதி வேண்டும். காலை 9 மணிக்கு மேல் ஆரம்பித்து மாலை 4க்குள் முடித்துவிடுவது நல்லது. தடித்த தோல் கையுறை போட்டாலும், கிடக்கும் பாட்டிலை முதலில் கம்பால் புரட்டுங்கள், அடியில் தேள் இருக்கலாம். சாக்கில் கண்ணாடி போட்டால் தோளில் தூக்கும்போது முதுகைக் கிழிக்கும், பக்கெட்டில் போடுங்கள். மூடியில்லாத பிளாஸ்டிக் பாட்டிலை நசுக்குமுன் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இனிப்பு வாசத்துக்கு நுழைந்த வண்டு வழவழப்பான கழுத்தில் ஏற முடியாமல் உள்ளேயே சாகும், அந்த நாற்றத்துக்கு இன்னும் பல வரும், அவற்றைப் பிடிக்கப் பல்லியும் வரும். உயிரோடு ஏதாவது அசைந்தால் பாட்டிலைச் சாய்த்து, வாய்க்குள் ஒரு குச்சியை நீட்டி நிழலில் வைத்துவிட்டு நகருங்கள். குச்சியைப் பிடித்து ஏறி வந்துவிடும்.