பிள்ளை தேறிவிட்டான், நீங்கள் எப்போது தூங்கப் போகிறீர்கள்?

கேள்வி: காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். வீட்டில் நான், மாமியார், ஏழு வயது மகள், இரண்டு வயது மகன். சென்ற மாதம் ஒரு மாலை மகனுக்கு உடம்பு லேசாகச் சுட்டது. அடுப்பில் இருந்த பாலை இறக்கிவிட்டு மருந்து கொடுக்கலாம் என்று போனேன். அதற்குள் கண் செருகி, கைகால் வெட்டி இழுத்தது. மாமியார் ஓடி வந்து இரும்புச் சாவியை அவன் கையில் திணித்தார், கரண்டிக் காம்பால் வாயைத் திறக்கப் பார்த்தார். உதட்டில் ரத்தம். காரைக்குடி மருத்துவமனையில் சேர்த்த பிறகும் இன்னொரு முறை வலிப்பு வந்தது. மதுரைக்கு அனுப்பினார்கள். முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். மூளைக் காய்ச்சல் இல்லை, காய்ச்சலால் வந்த வலிப்புதான் என்று சொல்லி ஒரு வாரம் வைத்திருந்து அனுப்பினார்கள். இப்போது அவன் ஓடியாடுகிறான். எனக்குத்தான் தூக்கம் இல்லை. இரவெல்லாம் அவன் மூக்கில் விரல் வைத்துப் பார்க்கிறேன். "பாலைப் பார்த்தாயே, பிள்ளையைப் பார்த்தாயா?" என்று கணவர் போனில் கேட்டது காதிலேயே நிற்கிறது. மாமியாரோடு பேச்சு நின்றுவிட்டது. மூத்தவள் ஐஸ் வாங்கிக் கொடுத்தாலும் தொடுவதில்லை. அடுத்த மாதம் தேவகோட்டையில் தம்பி கல்யாணம். போகவே பயமாக இருக்கிறது. நான் என்ன செய்வேன்?

– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

பாலைப் பொங்கவிட்டுவிட்டு நீங்கள் ஓடிப்போய் மருந்தைக் கொடுத்திருந்தாலும் அந்த வலிப்பு வந்திருக்கும். இதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். பாராசிட்டமால் வயிற்றுக்குள் போய் வேலையைத் தொடங்கவே அரை மணி நேரம் பிடிக்கும். 6 மாதம் முதல் 5 வயது வரை உள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 2 முதல் 5 பேருக்குக் காய்ச்சலில் வலிப்பு வருகிறது. பல வீடுகளில் வலிப்பைப் பார்த்த பிறகுதான் பிள்ளைக்குக் காய்ச்சல் இருப்பதே தெரியவரும். வேளை தவறாமல் காய்ச்சல் மருந்து கொடுத்த பிள்ளைகளுக்கும் அது வந்திருக்கிறது. அந்த மருந்து உடம்பு நோவைக் குறைக்கும், அதற்காகக் கொடுங்கள். வலிப்புக்கு அது காவல் என்று நினைத்துக் கடிகாரத்தோடு போராட வேண்டாம்.

நான் குழந்தைகள் வார்டில் செவிலியராக இருந்தவள். கட்டிலருகே நிற்கும் அம்மாக்கள் எல்லோரும், அந்த நேரத்தில் தாம் வேறெங்கோ இருந்த கதையைத்தான் முதலில் சொல்வார்கள். துணி எடுக்க மாடிக்குப் போனேன், பெரியவளுக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தேன் என்பார்கள். பிள்ளை முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எந்த வீட்டிலும் உலை ஏறாது. உங்கள் கணவரின் கேள்வி நியாயமற்றது. பயத்தில் கேட்டிருப்பார், தொலைவில் இருப்பவருக்குப் பயம் இரட்டிப்பு. இந்தப் பக்கத்து ஆண்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போன காலத்திலிருந்து இங்குள்ள பெண்கள் அறிந்த சங்கதிதான் இது. ஆனாலும் அவர் உங்களிடம் வருத்தம் சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜ் அட்டையைப் படம் எடுத்து அனுப்புங்கள், கூடவே இந்தப் பதிலையும் அனுப்புங்கள்.

முதுகு ஊசியை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். பார்க்க வந்தவர்கள் அதைப் பற்றி ஏதாவது சொல்லாமல் போயிருக்க மாட்டார்கள். "முதுகில் ஊசி போடவா விட்டாய், நடை போய்விடுமே" என்ற பேச்சை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். தண்டுவடம் முடிந்துவிடும் இடத்துக்குக் கீழேதான் அந்த ஊசியைப் போடுவார்கள். ஒரே நாளில் இரண்டாவது முறை வலிப்பு வந்ததால், மூளையைச் சுற்றியுள்ள சவ்வில் தொற்று இல்லை என்று உறுதிசெய்ய அதைச் செய்திருப்பார்கள். நீங்கள் கையெழுத்துப் போட்டது சரியான காரியம். காய்ச்சல் வலிப்பால் பிள்ளையின் அறிவு மங்காது. மிகப் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது பின்னாளில் வலிப்பு நோயாக நீடிப்பதும் இல்லை. உங்கள் மகனுக்கு ஒரே நாளில் இருமுறை வந்ததால், மதுரையில் மறுபடி காட்டச் சொன்ன தேதியை மட்டும் தவறவிடாதீர்கள். தடுப்பூசியை நிறுத்தச் சொல்லி யாராவது அறிவுரை சொன்னால் கேட்க வேண்டாம். டாக்டரிடம் சொல்லிவிட்டு உரிய காலத்தில் போடுங்கள்.

இனி உங்கள் மாமியார். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் வருத்தியது அந்த நின்றுபோன பேச்சுதான்.

சாவி வலிப்பை நிறுத்துவதில்லை. பெரும்பாலான காய்ச்சல் வலிப்புகள் 5 நிமிடத்துக்குள் தாமாகவே நின்றுவிடும். நிற்கும்போது கையில் சாவி இருப்பதால் பெயர் சாவிக்குப் போய்விடுகிறது. அவருடைய அம்மா செய்ததைப் பார்த்திருப்பார், பேரன் கண்முன்னே துடித்தபோது தனக்குத் தெரிந்த ஒரே வழியைச் செய்தார். கையில் இருந்த சாவியால் பெரிய கேடு இல்லை. கரண்டிதான் ஆபத்து. பல் உடைந்து மூச்சுக்குழாய்க்குள் போகலாம். வலிப்பில் நாக்கு உள்ளே விழுங்கப்பட்டுவிடும் என்பது பொய், எந்தப் பிள்ளையும் தன் நாக்கை விழுங்குவதில்லை. ஆனால் உதட்டில் ரத்தம் வந்ததைச் சொல்லிச் சொல்லி அவரைக் குத்தினால், அடுத்த முறை அவர் பயந்து ஒதுங்கி நிற்பார். உங்கள் வீட்டில் இருக்கும் இன்னொரு பெரிய ஆள் அவர் ஒருவர்தான்.

அடுத்த முறை என்று நான் சொன்னதும் உங்களுக்கு அடிவயிறு கலங்கியிருக்கும். மறைக்காமல் சொல்கிறேன், ஒருமுறை வந்த பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத் திரும்பவும் வருகிறது. ஐந்து, ஆறு வயதுக்குள் பெரும்பாலும் நின்றுவிடும். அதுவரை உங்களைக் காப்பது விழித்திருப்பது இல்லை, வீட்டில் இருவருக்கும் கைவேலை தெரிந்திருப்பது.

ஆகவே ஒரு மத்தியானம் சாப்பாடு ஆன பிறகு, பட்டாலையில் பாய் விரித்து, ஒரு தலையணையைப் பிள்ளையாக வைத்து இருவரும் செய்து பாருங்கள். தரையில், ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், எச்சில் வெளியே வழியட்டும். கழுத்தைச் சுற்றி ஏதும் இறுக்கமாக இருந்தால் தளர்த்துங்கள். கைகாலை அமுக்கிப் பிடிக்காதீர்கள். வாயில் எதுவும் போகக் கூடாது, தண்ணீர், மருந்து, விரல் எதுவுமே. இதை நீங்கள் செய்யுங்கள். கடிகாரத்தை மாமியாரிடம் கொடுங்கள். "அத்தை, இழுக்க ஆரம்பித்ததும் நீங்கள் மணி பார்த்துச் சொல்ல வேண்டும்" என்று கேளுங்கள். டாக்டர் முதலில் கேட்கும் கேள்வியே எத்தனை நிமிடம் என்பதுதான், பதறிய அம்மாவால் அதைச் சொல்ல முடியாது, ஒரு நிமிடம் பத்தாகத் தெரியும். 5 நிமிடம் தாண்டினால் 108. நின்ற பிறகும் மூச்சுத் திணறினால், நீலம் பாரித்தால், எழுப்பினால் விழிக்காவிட்டால், அன்றே இன்னொரு முறை வந்தால், அப்போதும் 108. தானாக நின்றாலும் அன்றே ஒரு டாக்டரிடம் காட்டிவிடுங்கள். வலிப்பை நிறுத்த மூக்கில் அடிக்கும் மிடாசோலம் மருந்து எழுதித் தந்திருந்தால், எப்போது, எத்தனை முறை அடிப்பது என்பதை டாக்டரையே செய்துகாட்டச் சொல்லுங்கள், அப்போது மாமியாரும் கூட இருக்கட்டும்.

பேச்சு எப்படித் தொடங்குவது என்று யோசிக்க வேண்டியதில்லை. தலையணையோடு உட்கார்ந்தால் பேச்சு வந்துவிடும். அவரும் அன்றிலிருந்து தூங்கியிருக்க மாட்டார். இரவைப் பிரித்துக்கொள்ளுங்கள். நடுநிசி வரை அப்பத்தா பக்கத்தில் பிள்ளை படுக்கட்டும், அந்த நேரம் நீங்கள் வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குங்கள். முதல் சில இரவுகள் கஷ்டமாகத்தான் இருக்கும். இன்னும் சில வாரங்கள் போயும் தூக்கம் வராவிட்டால், அந்த மாலை கண்முன்னே திரும்பத் திரும்ப வந்தால், 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் பேசுங்கள். அரசாங்கத்தின் இலவசச் சேவை, தமிழில் பேசலாம். பிள்ளைக்கு மருத்துவம் பார்த்தது போலவே இதற்கும் பார்க்க வேண்டும்.

நலம் விசாரிக்க வருகிறவர்களுக்கு நடந்ததை முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலை வாங்கி வைத்துவிட்டு, "நன்றாக இருக்கிறான்" என்று முகப்பிலேயே முடித்துவிடுங்கள்.

மூத்தவள் விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். ஐஸ் மட்டும் வேண்டாம் என்கிறாள் என்றால், அன்று தம்பிக்கு அவள் ஒரு வாய் ஐஸ் ஊட்டியிருக்கலாம், தன்னால்தான் இப்படி ஆயிற்று என்று நினைக்கிறாளோ என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த வயதில் பிள்ளைகள் அப்படித்தான் கணக்குப் போடுவார்கள். நீங்கள் மதுரையில் இருந்த அந்த வாரம் அவளிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள். கேள்வி கேட்டுக் குடையாமல், தலைக்கு எண்ணெய் வைக்கும்போது சாதாரணமாகச் சொல்லுங்கள்: "தம்பிக்கு உடம்புக்குள் கிருமி போனதால் காய்ச்சல் வந்தது. ஐஸால் வலிப்பு வராது. நீ செய்த எதனாலும் வரவில்லை." அழுதால் அழட்டும்.

சின்னவன் சில வாரங்களுக்கு இடுப்பை விட்டு இறங்காமல் இருக்கலாம், இரவில் வீறிட்டு அழலாம், வெள்ளைச் சட்டையைக் கண்டால் ஒளியலாம். மருத்துவமனையில் படுத்து வந்த பிள்ளைகளிடம் இது வழக்கம், போகப்போகத் தணியும். "சாப்பிடாவிட்டால் ஊசி போடச் சொல்வேன்" என்ற வார்த்தை மட்டும் இனி உங்கள் வீட்டில் வேண்டாம்.

கல்யாணத்துக்குப் போங்கள். தேவகோட்டை பக்கம்தான், அங்கும் ஆஸ்பத்திரி இருக்கிறது, 108 வரும். ஒரு பையில் டிஸ்சார்ஜ் அட்டை, தெர்மாமீட்டர், எடைக்கு ஏற்ற அளவு எழுதிய மருந்து. அன்று காய்ச்சல் இருந்தால் பிள்ளையை உறவினர் வீட்டில் மாமியாரோடு விட்டுவிட்டு, தாலி கட்டும் நேரத்துக்கு நீங்கள் மட்டும் போய் வாருங்கள். தம்பிக்கு என் ஆசிகளைச் சொல்லுங்கள்.