பழைய ஒற்றைச் சுவிட்ச் றைஸ் குக்கர் போதுமா, புது ஸ்மார்ட் குக்கர் வாங்கலாமா?

கேள்வியோடு "இந்தச் சின்னச் சாமான்களில் இனிக் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது, எல்லாம் விளம்பரம்தானே" என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிதான் என்னை எழுத வைத்தது. நீங்கள் அநேகமாக இப்போதுதான் தனிக்குடித்தனம் வந்தவர், கையில் அளவான காசு, கடைக்காரர் காட்டுகிற பொத்தான்களைப் பார்த்துக் குழம்பியிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நாங்கள் திருகோணமலையில் உவர்மலைப் பக்கம். அம்மாவிடம் இருப்பது 1.8 லீட்டர் குக்கர். ஒரே ஒரு சுவிட்ச். கீழே அழுத்தினால் சமைக்கும், சோறு வெந்ததும் 'டக்' என்று மேலே வரும். அப்பா வாங்கிக் கொடுத்தது. அப்பா வயர்மன் வேலை செய்தவர், இப்போது இல்லை.

போன வருடம் கச்சான் காற்று வீசிய நாட்களில் அது மக்கர் பண்ணத் தொடங்கியது. சோறு பாதி வேக்காட்டில் இருக்கும்போதே 'டக்' என்று சுவிட்ச் மேலே வந்துவிடும். அம்மா திரும்பத் திரும்ப அழுத்துவார், அது நிற்காது. டவுனில் ஒரு திருத்துகிற கடைக்குக் கொண்டுபோனோம். அந்தத் தம்பி திறந்துகூடப் பார்க்கவில்லை. "அக்கா, தெர்மோஸ்டாட் போயிட்டுது. இதுக்குச் சாமான் வராது, புதுசா ஒண்டு எடுங்கோ" என்றார். தட்டில் இருந்த டிஜிட்டல் குக்கரையும் காட்டினார். அம்மா விலையைப் பார்த்தார், பேசாமல் பழையதைத் தூக்கிக்கொண்டார். ஓட்டோவில் வரும்போது அதை மடியில் வைத்துக்கொண்டுதான் இருந்தார். எனக்கு அது தாங்கவில்லை.

அன்று இரவு அப்பாவின் ஸ்குறூ டிரைவரை எடுத்தேன். (மின்சாரத்தோடு விளையாடச் சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். பிளக்கைக் கழற்றி, நன்றாக ஆறவிட்ட பிறகுதான் கை வைத்தேன். வயர் எதையும் தொடவில்லை. உங்களுக்குப் பயமாக இருந்தால் தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள்.) உள்பானையைத் தூக்கினால் சூட்டுத் தட்டின் நடுவில் வட்டமாக ஒரு குமிழ் இருக்கும். விரலால் அழுத்தினால் ஸ்பிரிங்கில் துள்ளி மேலே வர வேண்டும். எங்களுடையது அழுத்திய இடத்திலேயே நின்றுவிட்டது. சுற்றிவர இருந்த இடுக்கில் வருடக்கணக்கில் பொங்கி வழிந்த கஞ்சி காய்ந்து பசை போலப் பிடித்திருந்தது. அடித்தட்டைக் கழற்றினேன். ஸ்பிரிங்கில் லேசாகத் துரு. கடற்கரை ஊரில் எந்த இரும்புக்கும் அதுதான் கதி. ஈரத்துணியால் கஞ்சியை ஊறவைத்துச் சுரண்டினேன், துருவை உப்புத்தாளால் தேய்த்தேன், ஒரு முழுநாள் வெயிலில் வைத்தேன். மறுநாள் சிவப்பரிசி போட்டோம். தண்ணீர் வற்றிய பிறகுதான் 'டக்' என்றது. சாமான் வாங்க ஒரு ரூபாய்கூடச் செலவாகவில்லை.

அந்தக் குமிழ்தான் நீங்கள் கேட்ட கண்டுபிடிப்பு. அதற்குள் ஒரு காந்தமும், சூடு ஏறினால் காந்தத்தோடு ஒட்டாத ஒரு கலப்புலோகமும் இருக்கின்றன. பானையில் தண்ணீர் இருக்கும்வரை அடிப்பக்கம் ஏறத்தாழ 100 பாகை செல்சியஸைத் தாண்டாது. அரிசி தண்ணீரைக் குடித்து முடித்ததும் சூடு ஏறும். 103 பாகை அளவில் அந்த உலோகம் பிடியை விடும், ஸ்பிரிங் தள்ளும், சுவிட்ச் மேலே வரும். கணினிச் சில்லு கிடையாது, கடிகாரம் கிடையாது. எவ்வளவு அரிசி போட்டாலும் தண்ணீர் முடிகிற நேரத்தைச் சோறே சொல்லிவிடுகிறது. எங்கள் குமிழ் கீழே இறுகியிருந்ததால் பானையைத் தொடாமல் தட்டின் சூட்டை வாங்கி முந்திக்கொண்டது, அவ்வளவுதான்.

இந்த யோசனை ஒரே நாளில் வரவில்லை. ஜப்பானில் தோஷிபா நிறுவனம் தானாக நிற்கும் முதல் மின் குக்கரை 1955 டிசம்பரில் விற்பனைக்கு விட்டது. செய்து கொடுத்தவர் யோஷிதாதா மினாமி என்ற சிறு தொழிற்சாலைக்காரர். அவருடைய மனைவி ஃபுமிகோ வீட்டில் சமைத்துச் சமைத்து, எந்தச் சூட்டில் எத்தனை நிமிடம் என்று குறித்து வைத்தார். அவர்களுடைய குக்கரில் காந்தம் இல்லை, இரண்டு பானைகள். வெளிப்பானையில் அளந்து ஊற்றிய தண்ணீர் வற்றியதும் சூடு 100 பாகையைத் தாண்டும், ஈருலோகத் தகடு ஒன்று வளைந்து கறண்டைத் துண்டிக்கும். சோறு வடித்துப் பழகிய ஒரு பெண்ணின் கணக்கு அந்தச் சாமானுக்குள் இருக்கிறது. அதனால்தான் "கண்டுபிடிக்க என்ன இருக்கிறது" என்று நீங்கள் கேட்டது எனக்குச் சுட்டது.

இன்னொன்று. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கறண்ட் இல்லாமல் இருந்தோமே, நினைவிருக்கிறதா? பாதிச் சமையலில் கறண்ட் போனாலும் எங்கள் குக்கரின் சுவிட்ச் கீழேயே நிற்கும். பிடித்து வைத்திருப்பது காந்தம், அதற்குக் கறண்ட் தேவையில்லை. திரும்ப வந்ததும் விட்ட இடத்திலிருந்து சமைக்கும். பக்கத்து வீட்டு அக்காவின் டிஜிட்டல் குக்கர் ஒவ்வொரு முறையும் பழையபடி முதலிலிருந்து பொத்தான் அழுத்தச் சொல்லும்.

ஸ்மார்ட் குக்கரே கூடாது என்று நான் சொல்லவில்லை. இரவில் அரிசி போட்டு விடிய ஐந்து மணிக்குச் சோறு வேண்டுமென்றால், கைக்குழந்தைக்குக் கஞ்சி வேண்டுமென்றால், அதன் நேரக்கணக்கு உண்மையாகவே உதவும். வேலைக்குப் போகிறவர்களுக்கு அது பெரிய விஷயம். ஆனால் அதில் ஏதும் பழுதானால் நான் செய்தது போல வீட்டில் செய்ய முடியாது.

அந்த அக்காவின் குக்கரோடு வந்த கையேட்டையும் நான்தான் வாசித்துச் சொன்னேன். ஆங்கிலம் இருந்தது, சீனம் இருந்தது, அரபும் இருந்தது. இந்த நாட்டில் விற்கிற சாமானில் சிங்களமும் இல்லை, தமிழும் இல்லை. இரண்டும் அரச கரும மொழிகள். அக்கா தினமும் பத்திரிகையை ஒரு பக்கம் விடாமல் வாசிக்கிறவர். அவருக்குத் தன் வீட்டு அடுப்படிச் சாமானைப் பற்றி வாசிக்க ஒரு வரி இல்லை. "எனக்கு விளங்காது பிள்ளை, நீ சொல்லு" என்று அவர் தாளை நீட்டியபோது எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. கேள்விக்கு இது சம்பந்தமில்லைதான். ஆனால் எங்காவது எழுத வேண்டும் என்று இருந்தது.

சரி, உங்கள் விஷயம். இரண்டு பேருக்குத்தான் சமையல் என்றால் ஒற்றைச் சுவிட்ச் குக்கரே எடுங்கள். கடையிலேயே உள்பானையைத் தூக்கி, நடுக்குமிழை அழுத்தித் துள்ளுகிறதா என்று பாருங்கள். கவிழ்த்துப் பார்த்து, அடியில் சாதாரண ஸ்குறூவா, நம் வீட்டு டிரைவர் நுழையாத முக்கோணத் தலையா என்றும் பாருங்கள். உள்பானை தனியாக விற்பனைக்கு வருமா என்று கேளுங்கள், குக்கரில் முதலில் தேய்வது அதுதான். வீட்டுக்கு வந்த பிறகு கிழமைக்கு ஒரு தடவையாவது அந்த இடுக்கைத் துடையுங்கள். என்ன அரிசி சமைக்கிறீர்கள் என்று கீழே எழுதினால் தண்ணீர் அளவை அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன்.